படி எண்ணாமல் எடுத்த அறை

"லாட்ஜில் ரூம் எடுப்பதற்கும் ஒரு கட்டுரையா அம்மா?" என்று என் மகளே சிரித்தாள். சிரிக்கட்டும். எங்கள் குப்பத்திலிருந்து யாராவது வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், பை தைப்பதற்கு முன்னாலே எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். "யக்கா, எங்க தங்கறது? எவ்ளோ துட்டு எடுத்துக்கணும்?" என்று கேட்கிறார்கள். பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்லி அனுப்புகிறேன். அதையேதான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். ஏரி என்றதும் நல்ல தண்ணீர் ஏரி என்று நினைத்து விடாதீர்கள். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற உப்பு ஏரி. ஒடிசாவில் இருக்கிற சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுதான். என் வீட்டுக்காரர் சிறு வயதிலிருந்து அதில் இறால், நண்டு, மடவை பிடிக்கிறவர். இடுப்பளவு தண்ணீரில், காலுக்குக் கீழே சேற்றில் நின்றுகொண்டு வலை இழுக்கிற தொழில். 2018 மாசியில் அவருக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரை சுரீர் சுரீர் என்று வலி. பங்குனியில் கால் மரத்துப் போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவர் பாட்டுக்கு நடந்து கொண்டிருப்பார். "முதுகுத் தண்டில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துதும்மா, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று பொன்னேரியில் பார்த்த டாக்டர் சொல்லி விட்டார்.

வேலூருக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். அந்த ஆஸ்பத்திரியின் கதை உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி, திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் கஷ்டப்பட்டு, ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்து விட்டதால் இறந்து போனதைப் பார்த்தாராம். அதன் பிறகுதான் டாக்டருக்குப் படித்து வந்து, 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். இன்றைக்கு வங்காளம், அஸ்ஸாம், பங்களாதேஷிலிருந்தெல்லாம் அங்கே ஜனங்கள் வருகிறார்கள். வருகிற அத்தனை பேரும் எங்கேயாவது படுத்தாக வேண்டுமே! ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பார்க்கிற பக்கமெல்லாம் லாட்ஜ்தான்.

கையில் இருந்தது முப்பதாயிரம் ரூபாய். என் கம்மலும் மகளுடைய செயினும் அடகுக் கடைக்குப் போனதில் வந்த பணம். சித்திரை மாதம், முகத்துவாரத்தில் மணல் மூடி ஏரியில் வரத்து இல்லாத சமயம், யாரிடமும் கைமாற்று கேட்க முடியாது. அதனால் பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான். சென்டிரலில் மாறி காட்பாடியில் இறங்கினோம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர், "ரூம் வேணுமாம்மா, சீப்பா காட்டறேன்" என்றார். வாயெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டினேன்.

அவர் கொண்டு போய் விட்ட லாட்ஜில் ஒரு நாள் வாடகை 250 ரூபாய். பக்கத்தில் 400, 450 என்று போர்டு மாட்டியிருந்தார்கள். நான் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி 250-ஐப் பிடித்துக் கொண்டேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கக்கூஸ் தாழ்வாரத்தின் கோடியில், நாலு அறைக்குப் பொது, உட்கார்ந்து எழுந்திருக்கிற பழைய மாதிரி. அறையைப் பார்க்காமலே மூன்று நாளைக்கு முன்பணம் கட்டி விட்டேன். சாவி வாங்கிக் கொண்டு படியேறும்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்து நாலு படி. அதை ஏறி முடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது காலை பதினோரு மணி. அந்த லாட்ஜில் பகல் பன்னிரண்டுக்கு ஒரு நாள் கணக்கு முடிந்து விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை! "நீங்க கேக்கலையேம்மா" என்றார் மேனேஜர். வாஸ்தவம், நான் கேட்கவில்லை. சில லாட்ஜ்களில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நாலு மணி நேரம் என்று கணக்கு வைப்பார்கள். எந்தக் கணக்கு என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு விடுங்கள்.

மேலே மொட்டை மாடி, வெளியே வேலூர் வெயில். எங்களுக்கு ஏரிக்காற்று பழக்கம். அறை சாயங்காலம் ஆறு மணிக்கும் தோசைக்கல் மாதிரி கொதித்தது. மெத்தையைத் திருப்பிப் பார்த்தால் ஓரத் தையலில் மிளகு சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள், மூட்டைப்பூச்சி! அன்று ராத்திரி தரையில் பாய் போட்டு அவரைப் படுக்க வைத்தேன். இடுப்புக்காரரைத் தரையில் படுக்க வைத்தால் எழுப்புவது எப்படி? அதையும் அன்றைக்குத்தான் தெரிந்து கொண்டேன்.

நாலாம் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். டெஸ்ட் எல்லாம் முடிந்து, ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு தேதியும் கொடுத்திருந்தார்கள். நான் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மாடியில் குழாய் வராது. குடத்தோடு திரும்பி வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். தானாகக் கக்கூஸுக்குப் போய், அங்கே தண்ணீர் இல்லை என்று என்னைத் தேடிக் கீழே இறங்கியிருக்கிறார். மரத்த கால் வழுக்கி விட்டது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் புயல் நாளிலும் படகு தள்ளிய மனுஷர், சுவரைப் பிடித்துக் கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "எனக்கு வைத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்ன ஊருக்குக் கூட்டினு போயிடு. இந்தப் படிய நான் இன்னொரு தபா ஏற மாட்டேன்."

நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விட்டேன். மறுநாள் காலையில் மூட்டையைக் கட்டுவது என்றே முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் எங்களை ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை, பணமும் அப்போது தீரவில்லை. 150 ரூபாய் மிச்சம் பிடித்த ஓர் அறைக்காக, கால் விளங்காமல் போனாலும் பரவாயில்லை என்று திரும்ப இருந்தோம்! இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எங்களைத் தடுத்தது ஒரு வங்காளி அம்மாள். பக்கத்து லாட்ஜில், கீழ்த் தளத்தில் இருந்தவர். அவர் கணவருக்குச் சிறுநீரக வியாதி, வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு நாள் முன்பு நான் ஊரிலிருந்து கொண்டு போன இறால் கருவாட்டைத் திருட்டுத்தனமாக மாடித் தாழ்வாரத்தில் வெயிலுக்குக் காட்ட, அந்த வாசனையைப் பிடித்துக் கொண்டு வந்து பழக்கமானார். (லாட்ஜில் கருவாடு வறுக்காதீர்கள். எங்களை மேனேஜர் திட்டியது நியாயம்தான்.) எனக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் "ஜோல்" என்பார், நான் தண்ணீர் கொண்டு போய்க் கொடுப்பேன். அவர் சிரிப்பார். அவர்கள் பாஷையில் தண்ணீருக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள், மீன் குழம்புக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் மறுநாள் காலை நான் மூட்டை கட்டுவதைப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போய், தன் லாட்ஜில் காலியான ஒரு கீழ்த்தள அறையைக் காட்டினார். வாடகை 400. உள்ளேயே குளியலறை, நாற்காலி மாதிரி உட்காருகிற வெஸ்டர்ன் டாய்லெட், சமைக்க ஒரு மேடை. அடுப்பும் பாத்திரமும் நாளுக்கு 30 ரூபாய்.

400 என்றதும் எனக்குத் திக்கென்றது. அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அறை 250. சமைக்கக் கூடாது என்பதால் இரண்டு பேருக்கு ஓட்டல் சாப்பாடு 240. அவரைக் கீழே இறக்கி மேலே ஏற்றக் கை கொடுத்த பையன்களுக்கு 100. ஆக 590. புது அறையில் வாடகை 400, அடுப்பு 30, அரிசி காய்கறி 90 என்று வைத்தால் 520. நாளுக்கு 70 ரூபாய் குறைச்சல்! பத்தாவது வரை படித்த எனக்கு இந்தக் கூட்டல் முதல் நாளே வந்திருக்க வேண்டாமா?

அன்று மத்தியானமே மாறி விட்டோம். அவர் அறைக்குள் நுழைந்து, முதல் காரியமாக டாய்லெட்டில் கைப்பிடித்து உட்கார்ந்து எழுந்து பார்த்தார். "ம்... இருக்கலாம்" என்றார். எனக்கு அது போதும்.

ஆபரேஷன் சமயத்தில் வார்டில் அவருக்குத் துணையாக நான் இருந்தேன். அப்போது அறையை விட்டு விடலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மேனேஜரிடம் நேரில் பேசுங்கள். எங்களுக்கு நாலு நாளைக்குப் பாதி வாடகை வாங்கிக் கொண்டார். அறை நிஜமாக வேண்டியிருப்பது டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான். தையல் பிரிக்க வாருங்கள், அடுத்த வாரம் காட்டுங்கள் என்பார்கள், ஊருக்கு ஓடி வந்து திரும்பவும் முடியாது. ஆபரேஷன் ஆன முதுகோடு அந்த ஐம்பத்து நாலு படியை நினைத்துப் பாருங்கள்! ஆகவே போகிற அன்றைக்கு நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்த்து அறை எடுக்காதீர்கள். திரும்பி வரும்போது எப்படி இருப்பார் என்று யோசித்து எடுங்கள். பிரசவமான பெண்ணுக்கும் இதே கதைதான். கைக்குழந்தை இருந்தால் பாலுக்கும் வெந்நீருக்கும் அடுப்பு இல்லாத அறை வேண்டவே வேண்டாம்.

அறை பார்க்கப் போகும்போது ஆண்பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். அவர்கள் விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து விடுவார்கள். நீங்களே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், "ராத்திரி பத்து மணிக்கு இதில் தண்ணீர் வருமா?" என்று கேளுங்கள். மெத்தையின் ஓரத்தைத் திருப்பி செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். ராத்திரி நோயாளி வார்டிலும் நாம் தனியாக அறையிலும் இருக்க நேரலாம், நான் ஒரு ராத்திரி இருந்தேன். கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலியை வைத்து, அதன் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் படுத்தேன். யாராவது தள்ளினால் சத்தம் கேட்குமே! வெளியே போகும்போது நம் சொந்தப் பூட்டு இருந்தால் நல்லது. இருவருக்கும் ஆதார் அட்டை கேட்பார்கள், நகல் நாலைந்து எடுத்துக் கொள்ளுங்கள். 2022 ஜூலை வரைக்கும் 1000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரி கிடையாது, அதற்குப் பிறகு வந்து விட்டது. அதனால் "வரியோடு சேர்த்து எவ்வளவு?" என்றே கேளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

இன்னொன்று. அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது ஊருக்கு வெளியே ராணிப்பேட்டை பக்கமும் ஒரு வளாகம் இருக்கிறது. உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் அறை பாருங்கள். ஒரு இடத்தில் தங்கி இன்னொரு இடத்துக்குத் தினம் ஆட்டோ வைத்தால் கட்டுப்படியாகாது.

நம் பையில் என்ன இருக்க வேண்டும் என்றால், துணி உலர்த்த நைலான் கயிறு, ஒரு பூட்டு, பிளாஸ்டிக் சொம்பு, பழைய வேட்டி இரண்டு, வீட்டுக் கரண்டி ஒன்று, புளியும் மிளகாய்த்தூளும். பழைய செய்தித்தாள் கொஞ்சம் அவசியம். கவலையிலும் அலைச்சலிலும் நமக்கு மாதாந்திரத் தொல்லை நாள் தவறி வந்து நிற்கும். அந்த ஊரில் போய்க் காகிதத்துக்கு எங்கே அலைவது?

மொத்தம் பத்தொன்பது நாள் தங்கினோம். வங்காளி அம்மாள் நாங்கள் கிளம்புகிற அன்று கடுகு அரைத்துப் போட்டு மீன் செய்து கொடுத்தார். எங்கள் வீட்டில் யாராவது குழம்பில் கடுகை அரைத்து ஊற்றுவார்களா? கசக்கும் என்றுதான் நினைத்தேன். இவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த அம்மாளின் கணவருக்கு அப்புறம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. போன் நம்பர் எழுதிக் கொடுத்த காகிதம் ரயிலில் எங்கேயோ விழுந்து விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கழித்து மறுபடி ஏரிக்குப் போனார். ஆழத்தில் இறங்கி வலை இழுப்பதில்லை. படகில் உட்கார்ந்தபடி நண்டு வலை போடுகிறார். காலில் கொஞ்சம் மரப்பு மிச்சம் இருக்கிறது, செருப்பு மட்டும் கழலுவதில்லை.

அந்தக் கயிறு, பூட்டு, சொம்பு வைத்த பையை அப்படியே பரண் மேல் வைத்திருந்தேன். இதுவரை ஏழெட்டு வீட்டார் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மேலத் தெரு அண்ணியிடம் இருக்கிறது. பேரனோடு வேலூரில் இருக்கிறார். நேற்று போன் செய்து, "கீழ்த்தளம்தான் எடுத்தேன், படி மூணே மூணு, எண்ணிட்டேன்" என்றார்.