கைப்பேசிக்கு ஓர் ஆசனம்

ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் ஒன்றுண்டு என்பதை இல்லறம் நடத்துவோர் நன்கறிவர். விளக்கிற்கு மாடமும், தயிர்ச்சட்டிக்கு உறியும், அகப்பைக்கு அகப்பைக்கூடும் நம் முன்னோர் கண்டனர். இவற்றை முதன்முதற் கண்டவர் யாவரென்று ஒருவரும் அறியார். எனினும் அவர்தம் அறிவு இவற்றுள் விளங்குகின்றது. உறியைக் கட்டியவர் தயிரை மாத்திரம் எண்ணினாரல்லர்; பூனையையும் எண்ணினார். எப்பொருளையும் வைத்தற்கு இடஞ் செய்யப் புகுவோர், அப்பொருளுக்குக் கேடு எத்திசையிலிருந்து வருமென்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மையை யாம் மோட்டார் வண்டியொன்றிற் கைப்பேசியை வைத்தற்குரிய சிறு தாங்கி ஒன்றைச் செய்த காலத்து நன்கு உணர்ந்தோம். அதனை இங்கே கூறுவது இளைஞர் சிலர்க்கேனும் பயன்படக்கூடும்.

வண்டி ஓட்டுவோர்க்கு வழிகாட்டும் கருவி முன்னாளில் வண்டியின் உறுப்பாகவே அமைந்திருந்தது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஈட்டாக் என்னும் வழிகாட்டி, ஊர்ப்படங்களை ஒலிநாடா போன்ற பேழைகளில் அடக்கி, வண்டியினுள்ளே பொருத்திய சிறு திரையிற் காட்டியது. இக்காலத்திலோ அத்தொழிலைச் சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசியே செய்துவிடுகின்றது. ஆதலின் வழிகாட்டி என்பது வண்டியின் உறுப்பாயிராமல் அதனுள் ஏறி இறங்கும் விருந்தினராயிற்று. விருந்தினர்க்கு ஆசனம் இடுவது வீட்டார் கடமையன்றோ? பழைய வண்டிகளில் அவ்வாசனம் இல்லை.

எமக்கு இவ்வேலை விளையாட்டாக வாய்த்ததன்று. எம் அன்னையார்க்குச் சிறுநீரகங்கள் தளர்ந்தமையால், இரத்தத்தைச் சுத்தி செய்யும் டயாலிசிஸ் சிகிச்சை வாரத்திற்கு மும்முறை நடைபெற வேண்டும். ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலுள்ள எம் ஊரினின்று பாளையங்கோட்டைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எம் தமையனாரே வண்டி ஓட்டி அவர்களை அழைத்துச் செல்வார். யாம் வேலை நிமித்தம் வேற்றூரில் இருக்கின்றோம். அண்ணியார்க்கோ பள்ளிக்கூட வேலை. ஆகவே வண்டியில் முன்னே தமையனாரும் பின்னே அன்னையாருமாக இருவரே செல்வது வழக்கம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களிற் பெய்த பெருமழையையும், தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் தென்பாண்டி நாட்டார் மறவார். திருச்செந்தூரினின்று புறப்பட்ட ரயில்வண்டி நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சாலைகள் பல அறுந்தன. டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு முறையைத் தவறவிடினும் உடலில் நீரும் உப்பும் தங்கித் துன்பம் செய்யும். எனவே கைப்பேசித் தொடர்பு மீண்டவுடன், தமையனார் முன்பின் அறியாத ஊர்வழிகளிலெல்லாம் அக்கருவியின் குரலைத் துணைக்கொண்டு வண்டியைச் செலுத்தினார்.

அவர் கடையில் வாங்கி வைத்திருந்த தாங்கி, ரப்பர்க் கிண்ணத்தால் முகப்புப் பலகையைக் கவ்விக்கொள்வது. கிண்ணத்தினுள் காற்றுக் குறைய, வெளிக்காற்றின் அழுத்தமே அதனைப் பிடித்து நிறுத்தும். வழவழப்பான கண்ணாடியில் இது நன்றாக நிற்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கிலோ நுண்ணிய பள்ளங்களின் வழியே காற்றுப் புகுந்து பிடி தளர்ந்துவிடும். ஒரு நாள் வெள்ளம் அரித்த பள்ளமொன்றில் வண்டி குலுங்கியபோது, தாங்கி கைப்பேசியுடன் கழன்று தமையனாரின் காலடியில் வீழ்ந்து, பிரேக் மிதியின் அருகே கிடந்தது. நல்ல வேளையாக எதிரே வண்டி ஏதும் இல்லை. அவர் பதறாமல் வேகத்தைத் தணித்து ஓரமாக நிறுத்தி அதனை எடுத்துக்கொண்டார். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அன்றுமுதல், சிகிச்சை முடிந்து களைப்புடன் திரும்பும் வழியில் உறங்கும் வழக்கத்தை விட்டார்கள். முன் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு மகன் கைகளையே நோக்கி வருவார்களாம். இதனைத் தமையனார் எமக்குக் கூறியபோது, பொங்கல் விடுமுறையிற் செய்யத்தக்க வேலை இன்னதென்று தெளிந்தோம்.

முதலிற் கண்ணைப் பற்றி எண்ணினோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். இரண்டு விநாடி திரையை நோக்கினால் 33 மீட்டர் தூரம் வண்டி பார்வையின்றியே ஓடிவிடுகின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது, ஓட்டும்போது கைப்பேசியைக் கையாளுதல் அபாயகரமாக ஓட்டுதலின்பாற் படுமென்று வகுத்தனர்; 2020இல் திருத்திய விதிகள், வழியறியும் பொருட்டு மாத்திரம், ஓட்டுவோரின் கவனம் சிதறாத வகையில் அதனைப் பயன்படுத்த இடங்கொடுத்தன. ஆகவே நல்ல தாங்கியாவது, திரையை நெடுநேரம் நோக்க உதவுவதன்று. ஒரு நொடியிற் கண்டு கண்ணைச் சாலைக்கு மீட்க உதவுவதே என்று முடிபு செய்தோம்.

இருக்கைகளின் நடுவே குவளை வைக்கும் குழி மிகத் தாழ்ந்தது. கண் சாலையை விட்டு முற்றும் இறங்கிவிடும். முன் கண்ணாடியின் நடுவில் ஒட்டினாற் சாலையே மறையும். இடப்புறத்து இருக்கைக்கு எதிரிலும் ஸ்டியரிங் நடுவிலும் காற்றுப்பைகள் உள்ளன. விபத்து நேருங்கால் அவை கண்ணிமைப்பினும் விரைவாக விரியுமாதலால், அவற்றின் வழியில் நிற்கும் எப்பொருளும் எறிபடையாகிவிடும். எஞ்சியது, முகப்புப் பலகையின் நடுவே, குளிர்காற்று வரும் துளைகளுக்குச் சற்று மேலே, சில்லறைப் பொருள்கள் இடுவதற்கென்றமைந்த ஒரு சாண் நீளக் குழியே. அதுவே தக்க இடமென்று கொண்டோம்.

அடுத்து, எதனாற் செய்வதென்னும் வினா எழுந்தது. பொறியியல் பயிலும் எம் தமையனாரின் மகன், அச்சிடும் பொறியிற் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துத் தருவதாகக் கூறினான். அப்பொறிகளில் மிகுதியாக வழங்கும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். கதவடைத்து வெயிலில் நிற்கும் வண்டியின் முகப்புப் பலகையோ அவ்வளவினையும் தாண்டிச் சுடும். மருத்துவமனை வாயிலில் ஐந்து மணி நேரம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தாது. பழைய சன்னற் சட்டம் ஒன்றினின்று எஞ்சிய தேக்குத்துண்டு வீட்டிற் கிடந்தது. தேக்கு வெயிலுக்கும் ஈரத்திற்கும் எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை. அதனை எடுத்துக்கொண்டு எம் ஊர்த் தச்சராகிய முதிய ஆசாரியாரிடம் சென்றோம்.

யாம் வரைந்துகொண்டு சென்ற படத்தை அவர் நெடுநேரம் நோக்கினார். பின்னர், “தம்பி, சாமான் எப்படி உட்காரும் என்று போட்டிருக்கிறீர்கள், எப்படித் துள்ளும் என்று போடவில்லையே” என்றார். அச்சொல் எம்மைக் கல்லூரி வகுப்பறைக்கே மீட்டுச் சென்றது. இயங்கும் பொருள் தன் இயக்கத்திலேயே நிற்க விழையும் என்னும் நியூட்டனின் விதியை ஆங்கே மனப்பாடம் செய்திருந்தோம். ஆசாரியார் அதனைக் கையாற் கற்றிருந்தார். வண்டி திடீரென நிற்கையிற் கைப்பேசி முன்னோக்கித் தள்ளப்படும். அதனைப் பின்பலகை தாங்கிக்கொள்ளும். வளைவுகளிற் பக்கவாட்டில் நழுவும். அதற்குப் பக்கச் சுவர்கள் வேண்டும். பள்ளத்தில் விழுந்தெழும்போது மேனோக்கித் துள்ளும். அதுவே தமையனார்க்கு நேர்ந்தது. அதற்கென ஒரு கட்டு வேண்டும். 200 கிராம் எடையுள்ள சிறு பொருளாயினும் அது செல்லும் திசைகள் இத்தனை.

குழியின் வளைவைத் தடித்த அட்டையிற் சிறிது சிறிதாக வெட்டிப் பொருத்திப் படியெடுத்தோம். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஐந்தாம் அட்டையே இடைவெளியின்றிப் படிந்தது. அப்படியைத் தேக்கில் வைத்துக் கோடிழுத்து, வாளால் அறுத்து, உளியாற் செதுக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தோம். அடிக்கட்டையை இரண்டு பாதிகளாகச் செய்து நடுவே ஓர் ஆப்பு இறக்கினோம். ஆப்பை அழுத்த, பாதிகள் விலகிக் குழியின் சுவர்களை இறுகப் பற்றின. இதனால் வண்டியில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை, பசையும் பூசவில்லை. சுவரைத் தொடும் பக்கங்களிற் பழைய மிதிவண்டி ரப்பர்க் குழாயை ஒட்டினோம். அக்குழாயினின்றே விரலகல நாடா ஒன்று வெட்டிக் கைப்பேசியின் மேன்மூலைகளைத் தழுவுமாறு கட்டினோம். மேனோக்கித் துள்ளுதல் ஒழிந்தது.

பின்பலகையை முழுப் பலகையாக விடாமல் ஏணிபோற் சட்டங்களால் அமைத்தோம். கைப்பேசி செய்வோர் பலர், 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள இடத்தில் அதனை இயக்க வேண்டாமென்பர். வழிகாட்டிக்கொண்டே மின்னூட்டமும் பெறுங் கைப்பேசி தானே சூடாவது. பின்புறம் திறந்திருப்பின் கீழ்த்துளையினின்று எழும் குளிர்காற்று அதனைத் தொட்டுச் செல்லும். முகத்தை ஓட்டுவோர் பக்கம் சிறிது திருப்பினோம். இறுதியாக, கைப்பேசியின் ஒலி கீழ்விளிம்பினின்று வருதலை நோக்கி, அதனைத் தாங்கும் விளிம்பின் நடுவே உள்ளங்கை போன்ற ஒரு குடைவு செய்தோம். மரத்தால் அடைபடாமல் ஒலி ஓட்டுவோரை நோக்கித் திரும்பிற்று. குரல் தெளிவாகக் கேட்பின் கண்ணுக்கு வேலை குறையுமன்றோ? எம் வேலைகளுள் மிகச் சிறியதும் மிகப் பயன்பட்டதும் இக்குடைவே.

ஆசாரியார் தாமே வண்டியில் ஏறி, ஊர்ப்புறத்துக் கரடு வழியில் ஓட்டச் சொன்னார். தாங்கியை அவர் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மாத்திரம் கேட்டார். “மரம் பேசவில்லை, போதும்” என்று சொல்லி இறங்கினார். கூலி வாங்க மறுத்து, அன்னையாரின் நலத்தை வினவிச் சென்றார்.

விடுமுறை கழிந்து யாம் வேலைக்குத் திரும்பினோம். மூன்றாம் வாரம் தமையனார் பேசுகையில், தாங்கியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. “அம்மா இப்போது கருங்குளம் வருவதற்குள் தூங்கிவிடுகிறார்கள்” என்று மாத்திரம் கூறினார். எம் வேலைக்கு வேறு சான்று வேண்டியிருந்ததில்லை.

மாணவ நண்பர்களே, கடையில் எல்லாம் கிடைக்குங் காலம் இது. ஆயினும் கடைக்காரர் உங்கள் வண்டியின் வளைவையும், உங்கள் ஊர்ச் சாலையின் பள்ளத்தையும், உங்கள் வீட்டாரின் அச்சத்தையும் அறியார். அவற்றை அறிந்தவர் நீவிரே. நீவிர் கற்கும் விதிகள் ஏட்டளவில் நில்லாது, உங்கள் தெருவிலுள்ள ஒரு தச்சரின் கையிலும் வாழ்வதைச் சென்று காண்மின். நன்கு செய்யப்பட்ட பொருள் தன்னை நோக்கும்படி ஒருவரையும் அழையாது. தன்னை மறந்து அவரவர் தத்தம் வேலையைச் செய்யவும், இளைத்தவர் அச்சமின்றிக் கண்ணயரவும் இடங்கொடுக்கும்.