பாஸ்வேர்டு கேட்டா ஒடனே அடிச்சுடாதே அம்மிணி!

கோயமுத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் லெட்டரைப் படிச்சுட்டுச் சிரிச்ச சிரிப்புல எதிர்வீட்டு டீச்சரம்மா வாசல்ல வந்து எட்டிப் பாத்துட்டாங்க. உன் மச்சாண்டார் பையன் பழைய லேப்டாப்புல லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துட்டு, "இதுல வைரஸே வராதுங் சித்தி, எதை வேணும்னாலும் போட்டுக்கங்க"ன்னு சொன்னானாமே! பையன் கெட்டிக்காரன்தான். பேச்சோட முதல் பாதியை ஓரளவுக்கு ஒத்துக்கலாம். ரெண்டாவது பாதியிலதான் வில்லங்கம்.

அவன் பேச்சை நம்பி டவுன்லோடு மேனேஜர் தேடிட்டு இருக்கறதா எழுதியிருக்கே. அந்தச் சாமான்லயே நடந்த கூத்தைக் கேளு. ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர்னு ஒண்ணு, ஊரெல்லாம் போடறதுதான். 2020லருந்து 2022 வரைக்கும், அவங்க சொந்த வெப்சைட்டுல பட்டனை அமுக்கினவங்கள்ல சில பேரை மட்டும் கமுக்கமா வேற முகவரிக்குத் தள்ளி விட்டிருக்கானுங்க. அங்க கெடச்ச டெப் ஃபைலை, அதாவது இன்ஸ்டால் பண்ற ஃபைலைப் போட்டா சாஃப்ட்வேர் நல்லாவே ஓடும். கூடவே பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா இன்னொண்ணும் முழிச்சுக்கும். பிரவுசர்ல சேத்து வெச்ச பாஸ்வேர்டு எல்லாம் போச்சு. 2023 செப்டம்பர்ல காஸ்பர்ஸ்கிங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி ஆளுங்க இதை வெளிய கொண்டாந்தாங்க. இதுல வேடிக்கை, எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு யூட்யூப்ல பாடம் எடுத்தவங்களே அந்தத் திருட்டு ஃபைலைத்தான் எறக்கிக் காட்டியிருக்காங்க!

கவனிச்சியா, லேப்டாப்புக்குள்ள எவனும் கன்னம் வெச்சு நுழையல. டெப் ஃபைல் போடறப்ப பாஸ்வேர்டு கேக்குதில்ல? அதை அடிச்ச ஒடனே, ஃபைலுக்குள்ள இருக்கற ஸ்கிரிப்ட் ரூட்ங்கற முழு அதிகாரத்தோட ஓடும். பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவனைத் திண்ணையில உக்கார வெக்காம, பொடக்காலிச் சாவி, பீரோச் சாவி எல்லாத்தையும் கையில கொடுத்த கதைதான். அதனால அது என்ன சாமான்னு கேக்கறதுக்கு முன்னால, யார் கிட்டருந்து வருதுன்னு கேளு.

அப்படிக் கேக்காத பழக்கம் நமக்குப் புதுசில்ல. 2011ல கவர்மென்ட்டு லேப்டாப் கொடுத்தாங்களே, ஞாபகமிருக்கா? விண்டோஸோட சேந்து, மத்திய அரசோட சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் அதுல வந்துச்சு. நம்ம ஒறம்பரைப் பசங்க அதைத் தொறந்தே பாக்கல. பென்டிரைவுல கிராக் சாஃப்ட்வேரைக் கைமாத்திட்டுத் திரிஞ்சானுங்க. கூகுள்ல தேடு, முதல்ல வர்றதை எறக்கு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கு. அந்தப் பழக்கத்தை அப்படியே லினக்ஸுக்கும் தூக்கிட்டு வந்தாத்தான் ஆபத்து.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல்ல மின்ட்டுலயே இருக்கற சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடு. அங்க வர்றதுக்கெல்லாம் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. வழியில எவனாவது மாத்தியிருந்தா எறங்காது. அப்டேட் வந்தாலும் மின்ட்டே சொல்லும். அப்படி இல்லைன்னா ஃபிளாட்பேக்ங்கற வகையில பாரு. அதுல செஞ்சவங்களே போட்டதான்னு பாத்துக்கோ. 2024ல வந்த மின்ட் 22, அப்படி உறுதியாகாததை முதல்லயே மறைச்சு வெச்சிருக்கும். அதுவும் இல்லாட்டித்தான் செஞ்ச கம்பெனியோட சைட்டு. முகவரியை நீயே டைப் பண்ணு, விளம்பர லிங்க்கைத் தொடாதே. பிபிஏன்னு, வெளியாள் நடத்தற சாஃப்ட்வேர் கிடங்கைச் சேக்கச் சொன்னா ரெண்டு தடவை யோசி. அதை யாரு வேணும்னாலும் தொறக்கலாம். ஒருக்கா சேத்துட்டா, நாளைக்கு அந்த ஆளு எதை அனுப்பினாலும் அப்டேட்டுங்கற பேர்ல உள்ள வந்துரும். டெர்மினல்ல ஒட்டச் சொல்லி எவனாவது நீளமா ஒரு வரி கொடுத்தா, அதுல ரூட் அதிகாரம் கேக்கற சூடோங்கற வார்த்தை இருக்குதான்னு பாரு. இருந்தா, புரியற வரைக்கும் என்ட்டரைத் தட்டாதே.

இவ்வளவும் செஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். 2016 பிப்ரவரி 20ல மின்ட்டோட வெப்சைட்டுக்குள்ளயே நுழைஞ்சு, மின்ட் 17.3 சின்னமன் பதிப்பை எறக்கற லிங்க்கை மாத்தி, கெடுத்து வெச்ச ஃபைலைக் கொடுத்தானுங்க. 2018ல உபுண்டுவோட ஸ்னாப் கடையிலயே 2048 விளையாட்டுக்குள்ள ஒருத்தன் கிரிப்டோ காசு தோண்டற சாமானை ஒளிச்சு வெச்சிருந்தான். 2024 மார்ச்சுல எக்ஸ்இசட்னு ஒரு சின்ன லைப்ரரி. பல நாள் நல்லவனா வேலை பாத்து நம்பிக்கை வாங்கினவனே அதுல நஞ்சைக் கலந்துட்டான். லாகின் ஆக அரை செகண்டு கூடுதலா ஆகுதேன்னு சந்தேகப்பட்டு ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டுங்கற புண்ணியவான் தோண்டிப் பாத்து எடுத்தாரு. சோதனைப் பதிப்பு வெச்சிருந்தவங்களுக்குத்தான் கலக்கம். நிதானமா நிலைப்பதிப்புல இருந்தவங்க கிட்ட அது வந்தே சேரல. அதனால புதுசு புதுசுன்னு பறக்காதே.

மின்ட்டுலயே இருக்கற டைம்ஷிஃப்ட்டை ஓட விட்டுக்கோ. ஆனா அது சிஸ்டத்தைத்தான் பழைய நிலைக்குக் கொண்டாரும், பாப்பாவோட சீர் போட்டோவை எல்லாம் காப்பாத்தாது. அதையெல்லாம் வேற டிஸ்க்குல ஏத்தி வெய்யி.

டவுன்லோடு மேனேஜர் வேணும்னு இன்னும் ஆசை இருந்தா, சாஃப்ட்வேர் மேனேஜர்ல யுகெட்னு தேடிப் பாரு, போதும். மச்சாண்டார் பையன் கோவிச்சுக்கிட்டா, நான் சொன்னதாவே சொல்லு. மாரியம்மன் நோம்பிக்கு வர்றப்ப அவனையும் கூட்டிட்டு வா, டீச்சரம்மா பையனும் இதே வசனத்தைத்தான் பேசிட்டிருக்கான். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசிக்கலாம்.

உன் பழைய பெஞ்சுக்காரி