மகன் கேட்ட கையெழுத்து

“அம்மா, இதுல ஒரு சைன் போடு.”

போன வருடம் ஜூலை கடைசி. கிரைண்டரில் இட்லி மாவு ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஏதோ ஸ்கூல் டூருக்குக் கேட்கிறான் என்று நினைத்துக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். ஆறேழு பக்கம். ஒன்பதாம் வகுப்பு ஃபுட்பால் டீமில் சேர பெற்றோர் சம்மதம். அதில் ஒரு பக்கம் முழுக்கத் தலையில் அடிபடுவதைப் பற்றியே இருந்தது. கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் மாணவன் கையெழுத்து, இன்னொன்றில் பெற்றோர் கையெழுத்து. அவன் ஏற்கெனவே போட்டிருந்தான்.

நம்ம ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. இங்கே, நாங்கள் இருக்கும் பிட்ஸ்பர்க்கில், அது வேறு. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்ட எதிர் அணிக்காரர்கள் அவன் மேல் பாய்ந்து சாய்ப்பார்கள். ஊரே இதற்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுகூட ஆண்கள் போனில் ஸ்டீலர்ஸ் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கணவரும் அதில் சேர்த்திதான். மேட்ச் அன்று மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டி.வி முன்னால் உட்கார்ந்தால், அடுப்பில் என்ன தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

அதே ஊரில்தான் மைக் வெப்ஸ்டர் கதையும் நடந்தது. ஸ்டீலர்ஸ் அணியோடு நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தவர். ஓய்வு பெற்றபின் நினைவு தடுமாறி, குடும்பம் பிரிந்து, காசில்லாமல் தன் டிரக்கிலேயே தூங்கியிருக்கிறார். 2002-ல் இறந்தபோது வயது 50. பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டர் பென்னட் ஒமாலு. வெளியே பார்க்க நன்றாக இருந்த மூளையை விடாமல் ஆராய்ந்தார். உள்ளே ‘டாவ்’ என்ற புரதம் கெட்டுப்போய்ப் படிந்திருந்தது. சி.டி.இ என்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

“அதான் ஹெல்மெட் இருக்கே” என்றான் மகன். முற்றிய தேங்காய் ஒன்றை எடுத்து அவன் காதருகே குலுக்கிக் காட்டினேன். ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே தண்ணீர் மோதுகிறது இல்லையா? ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுக்கத் தடுக்க முடியாது. மயங்கி விழும் அளவுக்கு அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. வருடக்கணக்கில் சேரும் சின்னச் சின்ன மோதல்களும் கணக்கில் வரும். அவன் சிரித்தான். தேங்காய் மறுநாள் சட்னி ஆனது.

என் கணவருக்குக் கணக்கு உயிர். அவர் ஜான் அர்ஷெலை இழுத்தார். எங்கள் மாநிலத்துப் பென் ஸ்டேட்டில் படித்தவர். பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டே எம்.ஐ.டி-யில் கணிதத்தில் பிஎச்.டி செய்தவர். 2015-ல் பயிற்சியின்போது தலையில் அடிபட்டது. மைதானத்துக்குச் சீக்கிரம் திரும்பிவிட்டார், கணக்குக்குத் திரும்பத்தான் அதிக நாள் பிடித்தது. 2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. இறந்துபோன 111 என்.எஃப்.எல் வீரர்களின் மூளைகளைப் பார்த்ததில் 110-ல் சி.டி.இ. அது வெளியான இரண்டாம் நாள் அர்ஷெல் விலகினார். வயது 26. இப்போது எம்.ஐ.டி-யிலேயே பேராசிரியர்.

“அந்த 110 கணக்கு கொஞ்சம் கோணல்ப்பா. சந்தேகம் வந்த குடும்பங்கள்தானே மூளையைத் தானம் கொடுத்திருப்பாங்க?” என்றான் மகன். உண்மைதான். ஆய்வு செய்தவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை இவ்வளவு படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

நான் கிறிஸ் போர்லாண்டைச் சொன்னேன். சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் ஒரே ஒரு சீசன், அதுவும் பிரமாதமாக ஆடிவிட்டு, 2015-ல் 24 வயதில் போதும் என்று எழுந்து போனவர். ஒப்பந்தப்பணத்தில் ஒரு பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டவர்.

“டூவா?” என்றான் மகன். அவனுடைய ஹீரோ. மயாமி அணியின் டூவா டாகோவைலோவாவுக்கு 2022-ல் மைதானத்திலேயே விரல்கள் விறைத்துக்கொண்டதை நானும் டி.வி-யில் பார்த்திருக்கிறேன். அன்று சேனலை மாற்றச் சொல்லிக் கத்தினேன். ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று அவரும் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசித்தார். பிறகு, அடிபடாமல் விழுவது எப்படி என்று ஜூஜுட்சு கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 2024 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். அடுத்த செப்டம்பரிலேயே மறுபடி தலையில் அடி. மறுபடியும் ஆட வந்தார். அவரைத் திட்டுவதா, புரிந்துகொள்வதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்தத் தொகையை நீட்டினால் எந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லும்?

கடைசியில் வழக்கை அப்பாவிடம் கொண்டு போனோம். பள்ளிபாளையத்தில் 30 வருடம் விசைத்தறி ஓட்டியவர். காது ஏறக்குறைய போய்விட்டது. வீடியோ காலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கத்திச் சொல்ல வேண்டும்.

“அப்புச்சி, தறி ஓட்டினா காது போகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம என்ன கண்ணு? எங்கப்பனுக்கும் போச்சு. காதுல பஞ்சு வெச்சுக்கச் சொல்லுவாங்க. வெச்சா, தறிச் சத்தம் மாறுறது தெரியாது. நாலு தறி பாத்தாத்தான் வாரக் கூலி. உங்கம்மாளுக்குக் காலேஜ் பீஸ் கட்டோணுமில்ல.”

நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். என் முகம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தது.

“செரி, உனக்கு எவ்வளவு கூலி குடுக்கறாங்க?”

“ஸீரோ அப்புச்சி.”

“அப்பறம் எதுக்குக் கண்ணு?”

மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். “ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அம்மா கத்திச் சொன்னதும் அப்பா சிரித்தார். “அதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்ல முடியாது” என்றார். எனக்குத் துணைக்கு வருவார் என்று நம்பி போன் போட்டவள் நான்.

ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தலையில் லேசாக இடித்தாலும் அன்றே என்னிடம் சொல்ல வேண்டும். “ப்ராமிஸ்” என்றான்.

மூன்றாவது மேட்ச். இரண்டு பேர் ஒருசேர மோதியதில் விழுந்தான். எழுந்தான். கட்டைவிரலைக் காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து தோசை நாலு சாப்பிட்டான். மறுநாள் அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்திருந்தான். சனிக்கிழமைதானே, தூங்கட்டும் என்று விட்டேன். ஞாயிறு ராத்திரி தற்செயலாக அவன் போனை எடுத்தபோதுதான் உறைத்தது. வெளிச்சத்தைக் கடைசிப் புள்ளிவரை குறைத்து வைத்திருந்தான்.

“வெளிச்சம் கண்ணைக் கூசுதும்மா. சொன்னா உட்கார வெச்சுடுவாங்க. என் இடத்தை வேற ஒருத்தன் எடுத்துப்பான்.”

கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவர்கள் மறைப்பது இதற்காகத்தான் என்று படித்திருக்கிறேன். ஒரு டாலர்கூடக் கிடைக்காத 14 வயதுப் பிள்ளையும் அதையேதான் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனைத் திட்டினேன். கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். கணவர் அந்த ஞாயிறு மேட்ச் பார்த்த மஞ்சள் துண்டு சோபாவிலேயே கிடந்தது. அவரும் தூங்கவில்லை.

கன்கஷன் என்றார் டாக்டர். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. அறிகுறி தெரிந்தால் மைதானத்திலிருந்து வெளியே, மருத்துவர் சரி சொல்லாமல் திரும்ப முடியாது. முதலில் முழு ஓய்வு, அப்புறம் நடை, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று படிப்படியாக விட்டார்கள். அவன் பயந்தபடியே அவன் இடத்தில் வேறொரு பையன் ஆடினான். அந்தப் பையனின் அம்மா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு மேட்ச்சுக்கு என் மகன் திரும்பினான். நான் போனேன். பாதி நேரம் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடப் பேப்பர் போன வாரம் வந்தது. சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குக் கீழே வைத்திருக்கிறான். “சைன் போடு” என்று இதுவரை கேட்கவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை. நேற்று மேஜை துடைக்கும்போது புரட்டிப் பார்த்தேன். மாணவன் கையெழுத்துப் போடும் கோடும் காலியாகத்தான் இருந்தது.