ஏன் விலகினீர்கள்?

உத்தியோகம் தேடிப் போகிறவனிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எந்தப் புஸ்தகத்திலும் விடை கிடையாது. "முன்னிருந்த இடத்தை விட்டு ஏன் விலகினீர்கள்?" என்பதே அது. நாம் விலகவில்லை, விலக்கப்பட்டோம்.

நாற்பது வயது கடந்த பட்டதாரி உபாத்தியாயருக்கு இந்தக் கதி நேர்ந்த காரணத்தை மறைப்பானேன்? பள்ளிக்கு வராத ஒரு பையனைப் பன்னிரண்டு நாள் வந்ததாக வருகை ரிஜிஸ்தரில் குறித்தோம். பரீட்சை எழுத அவனுக்கு அத்தனை நாள் குறைந்திருந்தது. "பாவம், ஏழைப் பையன்; இரக்கத்தால் செய்தோம்" என்று அண்டை அயலாரிடம் சொல்லிக்கொண்டோம். பையன் ஏழையல்ல, நம் வீட்டுக் கூடத்தில் மாதாமாதம் பணம் கொடுத்துத் தனிப்பாடம் படித்தவன். நிர்வாகத்தார் கண்டுபிடித்தார்கள், நம்மை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அடுத்த இரண்டு பள்ளிகளில், "தேக அசௌக்கியம்" என்று விடை சொன்னோம். முதல் இடத்தார் பழைய பள்ளிக்கு டெலிபோன் செய்து விசாரித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தார் நம்முடைய பருத்த சரீரத்தை ஏற இறங்கப் பார்த்து, "எழுதுகிறோம்" என்றார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

"இன்னும் எத்தனை பள்ளிக்கூடத்தில் போய் வியாதியாய்ப் படுத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் நம் இல்லாள்.

சரித்திரம் கற்பிக்கும் நமக்கு அன்றிரவுதான் சுரேந்திரநாத் பானர்ஜி நினைவுக்கு வந்தார். ஐ.சி.எஸ். தேறி, 1871-ல் ஸில்ஹெட்டில் உதவி மாஜிஸ்டிரேட்டாக அமர்ந்தவர் அவர். தலைமறைவாகாத ஒருவனைத் தலைமறைவானவனாகக் காட்டும் பொய்ப் பதிவுக்குக் காரணமானார் என்று குற்றஞ்சாட்டி, 1874-ல் வேலையைப் பறித்து, மாதம் 50 ரூபாய் கருணைப் பென்ஷன் கொடுத்தார்கள். லண்டன் சென்று முறையிட்டும் பயனில்லை. பாரிஸ்டராகும் வழியையும் அடைத்தார்கள். 1875-ல் வெறுங்கையுடன் கல்கத்தா திரும்பியவரை அழைத்து, 200 ரூபாய் சம்பளத்தில் தம்முடைய மெட்ரொபாலிடன் கலாசாலையில் ஆங்கிலப் பேராசிரியராக்கினார் ஈசுவர சந்திர வித்யாசாகர். அந்த உபாத்தியாயர்தாம் 1895-லும் 1902-லும் காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தார்.

அவருக்கு விதித்த தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்று சொல்ல இடமுண்டு. நம் விஷயத்தில் அப்படிச் சொல்ல இடமில்லை. ஆயினும் ஒன்று விளங்கிற்று. வித்யாசாகர் ஏமாந்து அந்த வேலையைக் கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்தே கொடுத்தார். தெரிந்து கொடுத்த வேலையைத்தான் பயமின்றிப் பார்க்க முடியும்.

மூன்றாவது பள்ளியில், கேள்வி வருமுன்பே விடையைச் சொல்லிவிட்டோம், தனிப்பாடப் பணம் உட்பட. தலைமை ஆசிரியை அம்மாள் சற்று மௌனமாயிருந்துவிட்டு, "அதே மாதிரிப் பையன் இங்கே வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நாள் குறையத் தொடங்கும்போதே தகப்பனாருக்கு எழுதுவோம் என்றும், நம்மிடம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் பணம் வாங்கிப் பாடம் சொல்வதில்லை என்றும் பதில் சொன்னோம்.

சம்பளம் முன்னைவிடக் குறைவு. வேலை ஒரு வருஷம் தற்காலிகம். ரிஜிஸ்தர் நம் கைக்கு வராது. மூன்று நிபந்தனைகளுக்கும் சம்மதித்தோம். வேறொருவர் வந்து நம் வகுப்பில் பெயர் கூப்பிடும் போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மறு வருஷம் ஜூன் மாதம், முதல் மணி அடித்ததும் அந்த அம்மாளே வகுப்புக்கு வந்தார். ரிஜிஸ்தரை மேஜைமேல் வைத்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

முதல் பெயரைக் கூப்பிட்டோம். பதிலில்லை. மறுபடியும் கூப்பிட்டோம். பிறகு, வரவில்லை என்று குறித்தோம்.