முதலில் நிற்கட்டும்

பழைய நான்கு சக்கர இழுவை வண்டி என்றதும் இந்தியாவில் மனத்தில் வருவது பெரும்பாலும் மஹிந்திரா ஜீப்தான். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் சுற்றுலாக்காரர்களைக் குலுக்கி எடுத்தபடி ஏறுவதும் அந்த வம்சத்து வண்டிகள். அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த சிஜே-3பி மாடல் இவற்றின் மூதாதை. ஹரிகேன் என்ற அதன் பெட்ரோல் எஞ்சின் 2,199 சிசி, 75 குதிரைத்திறன். காற்றை உள்ளே விடும் வால்வுகளை ஹெட்டுக்குக் கொண்டுபோனதால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சின் உயர்ந்ததால் பானெட்டையும் தூக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. ஜீப்பின் அந்த நிமிர்ந்த நெற்றி அழகுக்காக வந்ததல்ல. 1980களில் பீஜோ வடிவமைப்பிலான 2,112 சிசி டீசல் எஞ்சினோடு எம்எம் 540 வந்தது. எஞ்சினும் பெயரும் மாறினாலும் அடிப்படை அதேதான்: ஏணிச் சேஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டை ஸ்பிரிங்.

இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் ஒல்லியான டயரையும் மிதமான வேகத்தையும் கணக்கில் வைத்தே பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் அளவெடுத்தார்கள். ஒன்றை மாற்றினால் மற்றவை அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆகவே மாற்றம் செய்வது இரண்டாவது வேலை. வண்டியை முதலில் அதன் பிறந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். டயர், பம்பர், விளக்கு என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முதல் மாதமே வந்துவிடும். வீல் சிலிண்டர் மட்டும் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கும்.

பிரேக்கிலிருந்து தொடங்குவதே முறை. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதற்குள் ஒரே அறை. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும். பெடலை மிதித்தே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்றுவிட்டால் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது; ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. சமதளத்தில் ஒன்றும் தெரியாது, இறக்கத்தில் காட்டிக்கொடுக்கும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 140 டிகிரிதான். நீண்ட மலை இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், பெடல் தரை தட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றுவது அதற்காகத்தான். அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும். பிறகு மாஸ்டரிலிருந்து கடைசி ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதும் பழக்கமும் நல்லதல்ல. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி.

இந்த ஜீப்பில் செய்யத்தக்க மாற்றங்களுக்கெல்லாம் முதலிடம் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்குத்தான். முன்பக்கம் போனாலும் பின்பக்கம் நிற்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுகிறவர்கள் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. டிரம்முக்கான சிலிண்டரில் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கோ, பேட் விலகாமல் உரசி, காய்ந்து, பிடிப்பே போய்விடும்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் இருக்கும் சிறிய டிரம்மைப் பிடிக்கிறது. தண்டு நின்றால் சக்கரமும் நிற்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு பின்சக்கரமும் தரையில் இருக்கும்வரை கணக்கு சரி. பஞ்சர் பார்க்க ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் கணக்கு உடைகிறது. தண்டு அசையாமல் இருக்க, டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைப் பின்னோக்கியும் தரையிலுள்ளதை முன்னோக்கியும் சுழலவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்கும், வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழும். ஜாயின்ட் கிராஸ் உடைந்தாலும் இதே கதி: இழுவையும் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்தே போகும். அதனால் இந்த வண்டிக்குக் கட்டை வைப்பது சம்பிரதாயமல்ல. மீதியுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும், அடியில் படுக்க வேண்டுமானால் சேஸுக்கு ஸ்டாண்டு வைக்க வேண்டும். நட்டைக் கழற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. வில்லிஸில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடத்திருகு. வலப்பக்கப் பழக்கத்தில் கழற்றுவதாக எண்ணி முழு பலத்தோடு முறுக்கி ஸ்டட்டை ஒடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

அடுத்தது ஸ்டியரிங். முன் அச்சின் நுனியில் கிங்பின் பேரிங்குகள் மேலும் கீழுமாக இருந்து சக்கரத்தைத் தாங்கும். அவற்றின் இறுக்கம் மெல்லிய ஷிம் தகடுகளால் அமைகிறது. பேரிங் தேய்ந்து இறுக்கம் போனால் குறிப்பிட்ட வேகத்தில் ஒரு சிறு குழி போதும், முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெட்டி ஆட ஆரம்பித்துவிடும், நிறுத்தினால்தான் அடங்கும். இதற்கு டேம்பர் ஒன்றை மாட்டிவிடுவது எளிதாக விற்கும் வைத்தியம். அது ஆட்டத்தை மறைக்கும், தேய்மானத்தை ஆற்றாது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து அசைத்துப் பார்த்தால் கிங்பின்னோ வீல் பேரிங்கோ ஆடுவது தெரியும். ஆளைவிட்டு ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லிக் கீழே பார்த்தால் டைராடு எண்டுகளின் தேய்மானம் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸில் போல்ட் ஆகும் இடத்தையும் அப்போதே துடைத்துப் பார்த்துவிடலாம். மயிரிழை விரிசல் பிறக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

சேஸைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்றும் துருப்பிடித்தது மொத்தையாகவும் ஒலிக்கும். தகட்டின் மேல் தகடு ரிவெட் அடித்த இடங்களில்தான் துரு குடியிருக்கும். விரிசலுக்கு ஒட்டுத்தகடு வைக்கும்போது அதன் ஓரம் சேஸுக்குக் குறுக்கே நேர்கோடாக முடியக் கூடாது. அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் விழும். தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டினால் பாரம் ஒரே கோட்டில் குவியாது. வெல்டிங்குக்கு முன் மறக்கக் கூடாத ஒன்று: இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட் ஓரத்துத் தரைத்தகடு துருப்பிடித்திருந்தால் பற்றவைக்கும் கம்பிக்கும் டேங்குக்கும் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. டேங்கை இறக்கி, வண்டியை விட்டே அப்புறப்படுத்த வேண்டும். காலி டேங்க் என்று அலட்சியமாக இருப்பது இன்னும் மோசம்; வெடிப்பது திரவமல்ல, ஆவி.

பட்டை ஸ்பிரிங் பாரம் தாங்குவதோடு அச்சை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் வேலையையும் பார்க்கிறது. மெயின் பட்டை ஒடிந்தால் அச்சே பின்னோக்கி நகர்ந்துவிடும். யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் மாற்றங்களுக்கு வரலாம். எல்லாருக்கும் முதல் ஆசை பெரிய டயர். அசல் 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ இருபத்தெட்டரை அங்குலம். அதன் இடத்தில் 31 அங்குல டயர் வந்தால் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65இல் போகும். டிரம் அதே டிரம்தான். ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் எட்டு சதவீதம் குறையும். டயரின் எடை கூடியிருப்பதைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். சிஜே-3பியில் முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை, 5.38 என்ற கிரவுன் பினியன் விகிதம் மூன்றும் சேர்ந்தால் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 37 முறை சுற்றும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே வண்டியைக் கட்டி இறக்கும் வலிமை அங்கிருந்து வருகிறது. பெரிய டயர் அதையும் கரைக்கிறது. ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசரோ வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசையைக் கூட்டும்.

பெரிய டயருக்கு இடம் வேண்டி வண்டியை உயர்த்துவார்கள். ஒரு வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்பது இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும். ஜீப்பின் அகலம் சுமார் 1.23 மீட்டர். எடைமையம் 65 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால் விகிதம் 0.95, அதை ஏழரை சென்டிமீட்டர் தூக்கினால் 0.85. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கேரியரில் ஸ்டெப்னியும் டீசல் கேனும் ஏற்றினால் இன்னும் போகும். அச்சுக்கு அடியிலிருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றுவது மலிவான வழியென்று பலரும் செய்கிறார்கள். அதில் பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடும், ஜாயின்ட் கிராஸின் கோணம் கூடி அதிரும், இழுதண்டு சாய்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டியரிங் தானாக ஒடிக்கும். மூன்றையும் சரிசெய்யப் பணம் ஒதுக்காதவர் உயர்த்தாமலிருப்பதே நல்லது. ஜீப்புக்கு அசலிலேயே போதிய உயரம் உண்டு.

எஞ்சின் மாற்றத்தில் பெட்ரோலை எடுத்து டீசல் வைப்பதே நம் நாட்டில் பெருவழக்கு. பெட்ரோல் எஞ்சினின் இன்டேக்கில் இயல்பாக வெற்றிடம் கிடைக்கும். பிரேக் பூஸ்டர் அதில் ஓடும். டீசலில் அது கிடையாது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் இருந்தால்தான் பூஸ்டர் வேலை செய்யும். அந்தப் பம்ப்பையும் அதன் குழாயையும் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் இறக்கிவைத்தால் வண்டி வேகமாக ஓடும், நிற்கத்தான் மாட்டாது. கூடிய முறுக்குவிசையால் வேறொரு சிக்கலும் வரும். பழைய வடிவமைப்பில் எது முதலில் ஒடிய வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாறையில் சக்கரம் சிக்கினால் மலிவான உறுப்பு ஒன்று ஒடிந்து மற்றதைக் காக்கும். அதை உறுதியாக்கினால் ஒடிவு அடுத்த உறுப்புக்கு நகரும். அடுத்தது ஸ்டியரிங் நக்கிளாக இருந்துவிட்டால் லாபக்கணக்கு மாறிவிடும்.

விளக்குகளில் செய்யும் தவறு நெருப்பில் முடியும். 100 வாட் பல்புகள் இரண்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய சுவிட்சும் ஒல்லி வயரும் அதற்கானவையல்ல. பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயரைக் கொண்டுவந்து, சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி வைக்க வேண்டும்.

ரோல் கேஜ் தரைத்தகட்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால் கவிழும்போது குழாய் தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கும். சேஸோடு பிணைத்தால்தான் பயன். சாதாரணத் தண்ணீர்க் குழாயில் செய்தது வெறும் அலங்காரம். சீட் பெல்ட் இல்லாத ரோல் கேஜ் தலையை மோதிக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவே.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதியும் பதிவுச் சான்றில் குறிப்பும் வேண்டும். முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்ற மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் வழி பிறந்தது. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படக் கூடாது. சொந்த வண்டியானால் முதல் பதிவின் 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும்.

எல்லாம் செய்து காட்டுக்குள் போய் வந்த வண்டிக்கும் ஒரு நாள் வேலை இருக்கும். ஓடிச் சூடான அச்சு ஓடைத்தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து சுருங்கும். உள்ளே உண்டாகும் இழுப்பில் சீல் வழியாகத் தண்ணீர் புகும். ஹவுசிங்கின் ஆயில் பிளக்கைத் தளர்த்திப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். அதை வடித்துப் புதிது ஊற்றாவிட்டால் பேரிங்குகள் சீக்கிரமே துருப்பிடித்துப்போகும். டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவி, லைனரில் ஹவுசிங் ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்த்து, கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் முன் அச்சின் இழுவையை விலக்குவதும் இதில் சேர்த்தி. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருந்தால் வழுக்கிக்கொள்ள இடமில்லாத தார் ரோட்டில் முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய்ச் சேரும்.