ஓடாத காருக்கும் செலவு உண்டு

எனது மேசை இழுப்பறையில் அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கிறது. மட்டையில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். எழுதிப் பிழைத்தவனிடம் இருக்கும் கொப்பி என்பதால், அதில் கதையோ கவிதையோ இருக்கும் என எண்ணிவிட வேண்டாம். இருப்பவை எல்லாம் திகதி, கிலோமீற்றர், லீற்றர், ரூபாய் என்னும் நான்கு நிரல்கள் மாத்திரமே. எனது பழைய மாருதி 800 காரின் வரவில்லாத செலவுக் கணக்கு அது.

இக்கணக்கை எழுதும் பழக்கத்தை எனக்குத் தந்தவர் யாழ்ப்பாணத்து வாடகைக் கார்ச் சாரதி ஒருவர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கிற்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. பத்திரிகைத் தாள் இல்லாமல் பாடசாலைக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. செய்தி சேகரிக்கப் பெரும்பாலும் சைக்கிளிலேயே செல்வோம். தூரம் அதிகமென்றால் அவருடைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் வரும். அது ஓடியது மண்ணெண்ணெயில். சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை, குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவதுபோலக் காபுரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தை உயிர்ப்பிப்பார். அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் போய்ச் சேரும். பின்னால் வரும் புகையில் வீதியே மறையும்.

அவர் காரை ஓட்டும் விதம் எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. சந்தி தெரிவதற்கு நெடுந்தூரம் முன்னரே காலை எடுத்துவிட்டு, கார் தன்பாட்டில் உருண்டு செல்ல விடுவார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "அண்ணை, கொஞ்சம் கெதியாப் போகேலாதோ?" என்றேன். அவர் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தம்பி, மிதிக்கிறது பிறேக்கை இல்லை. காசு குடுத்து வாங்கின எண்ணெயை."

பௌதிகப் பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எரிபொருளை எரித்துச் சேர்த்த வேகத்தைப் பிறேக் வெறும் வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்ட பின்பும் வேகத்தைக் கூட்டி, அருகில் போய்ச் சடுதியாக நிறுத்துபவர் அந்தச் சிறு தூரத்தை இரண்டு தடவை காசு கொடுத்துக் கடக்கிறார்.

நிற்க. காலம் மாறிற்று, இடமும் மாறிற்று. கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் குடியேறி, 2006 இல் இந்தக் காரைப் பழையதாக வாங்கினேன். கணக்குக் கொப்பியும் உடன் வந்தது. ஆனால் அதன் அருமையை நான் உணர்ந்தது 2022 இலேதான்.

அந்த ஆண்டு பிறந்தபோது 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் 26 ஆந் திகதி அது 470 ரூபாய். எனது கார் லீற்றருக்குப் 15 கிலோமீற்றர் ஓடும். ஆகவே ஒரு கிலோமீற்றருக்கு 11 ரூபாய் 80 சதம் கொடுத்தவன், ஆறு மாதத்தில் 31 ரூபாய்க்கு மேல் கொடுக்கலானேன். அதுவும் பெற்றோல் கிடைத்தால்தான். வரிசையில் இரவைக் கழித்தோர் அனுபவம் இதை வாசிக்கும் பலருக்கும் இருக்கும். ஜூலையில் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு வாரத்தில் 4 லீற்றரே போதுமாயிருந்தது. அண்ணை கற்றுத்தந்த பழக்கங்கள் அப்போது கைகொடுத்தன.

அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் இருமுறையாவது, ரயர் சூடேறுமுன், காற்றின் அளவைப் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் இயந்திரத்துக்குச் சுமை. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அல்லது கைநூலில் இருக்கும். கூரையில் கம்பித் தட்டு இருந்தால் தேவையற்ற நாட்களில் கழற்றிவிடலாம். ஆளுக்காகக் காத்து நிற்கையில் இயந்திரத்தை நிறுத்தி வைக்கலாம். 92 ஒக்ரேனுக்கு அமைந்த இயந்திரத்துக்கு 95 ஊற்றுவதால் காருக்குப் பலம் கூடாது. பணப்பைக்குப் பலம் குறையும். அதிவேகப் பாதையில் 100 இல் செல்பவர், 80 இல் செல்பவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட காற்றுத் தடையை எதிர்த்துச் செல்கிறார். கொட்டாவையிலிருந்து காலிக்கு ஒருமுறை 80 இல் போய்ப் பாருங்கள். சில நிமிடங்கள் பிந்துவீர்கள். பெற்றோல் முள் உங்களுக்கு நன்றி சொல்லும்.

இத்தனையும் எழுதிவிட்டு, நான் செய்த மடைத்தனத்தை மறைத்தால் அது நேர்மையாகாது.

2022 இல் பெற்றோல் ஏறியதுபோலவே ரயரும் ஏறிற்று. எனது முன் ரயர்கள் இரண்டும் தேய்ந்து, வரிகளுக்கு இடையே உள்ள அடையாள மேட்டைத் தொட்டுவிட்டன. 1.6 மில்லிமீற்றர் உயரமுள்ள அந்தச் சிறு மேடு ரயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் ரயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே, யாரோ கழற்றிப் போட்ட இரண்டு பழைய ரயர்களை மலிவாக வாங்கிப் பூட்டினேன். வரிகள் ஆழமாகவே இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களை நான் பார்க்கவில்லை. முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. பின்னர் பார்த்தபோது 3211 என்றிருந்தது. 2011 இன் 32 ஆவது வாரத்தில் செய்த ரயர். பதினொரு வயதான றப்பர் கல்லைப்போல இறுகியிருந்தது.

நவம்பர் மாதத்து மழை. மனைவியை முழங்கால் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் சென்ற முச்சக்கர வண்டி திடீரென நின்றது. நான் பிறேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, வழுக்கிச் சென்று, வீதியோரக் கல்லில் ஏறி, மின்கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மனைவியின் நெற்றி முன் தட்டில் மோதி வீங்கிவிட்டது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. மழை மட்டும் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "இஞ்சாருங்கோ, ரயரில மிச்சம் பிடிச்ச காசு எவ்வளவு?"

நான் தொகையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. கொப்பியில் அது எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுவதில்லை. மறுநாளே புதிய ரயர்கள் நான்கும் வாங்கினேன். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடையிலான கோடு எங்கே இருக்கிறதென்று அந்த மின்கம்பம் எனக்குக் காட்டிற்று. ரயர், பிறேக், கண்ணாடி துடைப்பான், விளக்கு ஆகிய நான்கிலும் மிச்சம் பிடிக்கப்படாது.

கனடாவிலுள்ள மகள் செய்தியறிந்து அழைத்தாள். "அப்பா, அந்தக் காரை வித்துப்போடுங்கோ. இல்லாட்டி நல்லதொண்டு வாங்குங்கோ" என்றாள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது திறக்கப்பட்டிருக்கவில்லை. பழைய கார்களுக்கே யானை விலை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் அவள் அதே பேச்சை எடுத்தாள். லீசிங் எடுத்து வாங்கலாமாம். கார் வருடா வருடம் பெறுமதி குறைய, அதற்குரிய வட்டியை வருடா வருடம் கட்டும் கலையை இந்த வயதில் பழக எனக்கு விருப்பமில்லை.

ஆனால் "வித்துப்போடுங்கோ" என்றது மனதை உறுத்தியது. ஆகவே 2023 ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்த ஆண்டு கார் ஓடியது 3,120 கிலோமீற்றர். பெற்றோலுக்குப் போனது ஏறத்தாழ 73 ஆயிரம் ரூபாய். காப்புறுதி 38 ஆயிரம், பற்றறி 32 ஆயிரம், திருத்தவேலை 30 ஆயிரம், சேர்விஸ் 25 ஆயிரம், வருமானவரிப் பத்திரமும் புகைச் சான்றிதழும் பிறவுமாக 9 ஆயிரம். ஆக 134 ஆயிரம். மொத்தம் 207 ஆயிரம். கிலோமீற்றருக்கு 66 ரூபாய்! பெற்றோல் விலையைப் பற்றியே இரவும் பகலும் பேசிய எனக்கு, அது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது அன்றுதான் தெரிந்தது. மிகுதி, கார் நின்றாலும் ஓடினாலும் போய்க்கொண்டே இருந்த காசு.

ஓடிய தூரத்தில் பாதிக்கு மேல் எனது சொந்த அலைச்சல். அதற்குக் காலி வீதியில் 100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்கள் உண்டு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலும் உண்டு. மனைவிக்காக ஓடியது 1,500 கிலோமீற்றர். அதனை முச்சக்கர வண்டியில் ஓடினால், கிலோமீற்றருக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் 150 ஆயிரம். காரை வைத்துக்கொண்டு அவருக்காக மட்டும் ஓடினால், நிலையான 134 ஆயிரத்தோடு பெற்றோல் 35 ஆயிரம் சேர்ந்து 169 ஆயிரம். வித்தியாசம் 19 ஆயிரம் ரூபாய். கணக்கின்படி காரை விற்பதே சரி.

கொப்பியை மனைவியிடம் கொடுத்தேன், அந்த ரயர்ப் பக்கத்தை மாத்திரம் மடித்துவிட்டு. அவர் கூட்டலைச் சரிபார்த்தார். முன்னாளில் கணித ஆசிரியை அல்லவா! பிறகு சொன்னார்: "போன மாசியில நடுச்சாமத்தில எனக்கு நெஞ்சு நொந்தபோது எத்தனை ஓட்டோவுக்கு அடிச்சுப் பார்த்தனீங்கள்? ஒண்டும் வரேல்லை. இந்தக் கார்தானே கொண்டுபோனது. பத்தொன்பதாயிரம் அதுக்குக் குடுக்கிற காசு."

கார் நிற்கிறது. நான் பஸ்ஸில் போகிறேன். மாதமிருமுறை காலையில் ரயர்களுக்குக் காற்றுப் பார்க்கிறேன். பற்றறி இறங்கிவிடாமல் வாரத்தில் ஒருநாள் சிறிது தூரம் ஓட்டிவருகிறேன். கொப்பியில் புதிதாக ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன். "எதற்காக?" என்பது அதன் தலைப்பு. செலவைக் குறைக்க விரும்பும் அன்பர்கள் முதலில் அந்த நிரலை நிரப்பிப் பார்க்கலாம். மற்றைய நிரல்கள் தாமாகவே சுருங்கும்.