ஏ0000 என்ற விலாசம்

1987-இல் ஐபிஎம் விஜிஏ என்ற திரை வன்பொருளைக் கொண்டுவந்தபோது அதில் ஒரு மோட் இருந்தது. குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200, நிறம் 256. புள்ளிக்கு ஒரு பைட் வீதம் மொத்தம் 64,000 பைட். டாஸ் ஓடும் ரியல் மோடில் நினைவகத்தின் ஒரு செக்மென்ட் கொள்வது 65,536 பைட். ஒரு முழுத் திரை ஒரே செக்மென்டுக்குள் அடங்கிவிடுகிறது! இந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் தித்திக்கிறது.

நினைவகத்தில் திரை குடியிருந்த இடம், பதினாறடிமான எண்ணில், ஏ0000. டாஸுக்கு விட்ட 640 கேபி முடிந்ததும் அது தொடங்கும். அங்கே ஒரு பைட் எழுதினால் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி ஒளிரும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கல்லூரி லேபில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவர், ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதன் கணக்கைப் போட்டுக் காட்டினார். எந்த வரிக்குப் போவதானாலும் வரி எண்ணை 320-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கல் அந்தக் காலத்துச் சில்லுகளுக்கு மெதுவான வேலை. "320-ஐ 256, 64-ன்னு பிரிடா" என்றார். எட்டு பிட் நகர்த்தியது ஒன்று, ஆறு பிட் நகர்த்தியது ஒன்று, இரண்டையும் கூட்டினால் முடிந்தது. டர்போ சி-யில் நாலைந்து வரி அடித்தார். கறுப்புத் திரையில் நட்சத்திரங்கள் பறந்தன. கணக்கு அழகானது என்று நான் நம்பத் தொடங்கியது அந்தச் சாயங்காலத்தில்தான்.

386 சில்லு வந்து, புரொடெக்டட் மோடில் மெகாபைட் கணக்கில் இடம் கிடைத்தபோது அந்த விலாசம் எல்லா இடத்திலும் நேராகச் செல்லவில்லை. டிஜே டெலோரி 1989-இல் தொடங்கிய டிஜேஜிபிபி என்ற சி கம்பைலரில் ஏ0000 என்று எழுதினால் திரை அசையாது. அங்கே எந்த முகவரியும் புரோகிராமின் சொந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. தெருப்பெயர் இல்லாத கதவிலக்கம் மாதிரி. புரோகிராம் சிறியதென்றால் எல்லை மீறியதாக அங்கேயே நின்றுவிடும்; அது நல்லது. பெரியதென்றால் அந்த எண் அதன் சொந்தத் தரவுக்குள்ளேயே விழும். திரையில் ஒன்றும் தெரியாது, உள்ளே ஏதோ அழிந்திருக்கும்.

வாட்காம் கம்பைலரும் டாஸ்/4ஜிடபிள்யூ என்ற டாஸ் எக்ஸ்டென்டரும் சேர்ந்த இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தொடக்கம் பூஜ்யம். பழைய எண்ணே செல்லும். 1993-இன் டூம் விளையாட்டு அப்படி வந்தது. 1996-இன் குவேக் டிஜேஜிபிபி-யில் வந்தது.

டிஜேஜிபிபி-யில் நியர் பாயின்டர் என்றொரு குறுக்குவழி உண்டு. அது எல்லையை 4 ஜிபி வரை திறந்துவிடும். வேகம் கிடைக்கும்; ஆனால் வழிதவறிய ஒரு பாயின்டர் டாஸையே மிதித்துவிடலாம். காவலுக்காகக் கட்டிய சுவரை வேகத்துக்காக இடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. படம் முழுவதையும் சொந்த நினைவகத்தில் வரைந்து முடித்து, டாஸ்மெம்புட் என்ற ஃபங்ஷனைக் கொண்டு 64,000 பைட்டையும் ஒரே மூச்சில் ஏ0000-க்கு அனுப்புவதே சரியான வழி. பாதி வரைந்த படம் பார்ப்பவர் கண்ணில் படுவதும் குறையும்.

டிஜேஜிபிபி இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது, இன்றைய கணினியில் டாஸை ஓட்டும் டாஸ்பாக்ஸும் அப்படியே. கூடவே, புரோகிராம் புரொடெக்டட் மோடில் ஓடத் தேவையான சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ என்ற சிறு கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு புள்ளியையாவது உங்கள் கையால் ஏற்றிப் பாருங்கள்.